சாந்தமேரியின் ஜெரேனியம்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து, பாதி ஆயுளைப் பள்ளி கேன்டீனில் கழித்த சாந்தமேரிக்கு, இப்போது உலகமே அடுக்குமாடி வீட்டின் பால்கனிதான். குளிரான கேமரன் மலையிலிருந்து கொண்டுவந்த ஜெரேனியம் இந்தச் சூட்டில் பூக்காது என்று சொல்லாதவர் இல்லை. அவள் விடவில்லை. காலை வெயில் மட்டும் படும்படி தொட்டிகளை நகர்த்தினாள். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். இலை தழைக்கிற உரத்தை நிறுத்திப் பூ உரம் போட்டாள். வாடிய கொத்துகளைக் காம்போடு கிள்ளினாள். நுனி கிள்ளக் கிள்ளக் கிளை வெடித்தது. மாதா பிறந்தநாளுக்குப் பீடத்தில் தன் வீட்டுப் பூதான் என்று நேர்ந்துகொண்டாள். செடியே தெரியாமல் மொட்டு திரண்டது.

அந்த நேரம் பார்த்துக் கொசுப் புகை அடிக்க ஆட்கள் வந்தார்கள்.

"கதவு ஜன்னல் தொறந்து வைங்க ஆன்டி. கீழ் மாடியில டெங்கி லா," என்றாள் பக்கத்து வீட்டுப் புனிதா.

"எம் மொட்டெல்லாம் கருகிப்போகும்மா. ஜெரேனியம் இருக்கிற எடத்துல கொசு எங்க வரும்?"

பால்கனியைப் பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடினாள் சாந்தமேரி. கணவர் ஸ்டானிஸ்லாஸ் சிரித்தார். "என்னையும் சேத்து மூடிடு. மாதாவுக்கு ஒரு கெழவன் காணிக்கை."

"வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?"

புகை கலைந்ததும் அவள் விரிப்பைக் கம்பியோரம் ஒதுக்கிவிட்டாளே தவிர, எடுத்து வைக்கவில்லை. அதன் மடிப்புகளில் மழைநீர் தேங்கியது. நாளைக்குத் தட்டிவிடலாம் என்றிருந்தாள். மொட்டுகளை எண்ணிப் பூரிப்பதிலேயே பொழுது போயிற்று. அந்தப் பால்கனியில் உட்கார்ந்துதான் ஸ்டானிஸ்லாஸ் தினமும் காப்பி குடிப்பார்.

திருநாள் நெருங்கியபோது அவருக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றார். கிளினிக்குக்குக் கூப்பிட்டால், "மாத்திரை போதும் லா," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

திருநாள் காலையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. "மாதா கைவிடல," என்று சிலுவை போட்டுக்கொண்டு, கத்தரியோடு பால்கனிக்குப் போனாள். கூடை நிரம்பச் சிவப்பு. உள்ளே அவர் குடித்த கஞ்சியை வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கை ஈரமாய், ஜில்லென்று இருந்தது. அவள் போட்ட சத்தத்தில் ஓடிவந்த புனிதா, அந்தக் கையைத் தொட்டதும் முகம் மாறினாள்.

"காய்ச்சல் விட்ட பெறகுதான் ஆன்டி டெங்கி ஆளைக் கவுக்கும். பூவக் கீழ போடுங்க, காடி சாவி எங்க? நான் ஓட்டுறேன்."

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஸ்டானிஸ்லாஸின் நகத்தை அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் வெளுத்தபடியே இருந்தது.

"காய்ச்சல் எப்ப எறங்குச்சு ஆன்டி?"

"இன்னைக்குக் காலையிலதான் டாக்டர். நல்லாயிடுச்சுன்னுதான்..."

டாக்டர் திரையை இழுத்து மூடினார். உள்ளே ஆட்கள் ஓடி வருவது கேட்டது. ஆளுக்கொரு குரலில் ஸ்டானிஸ்லாஸின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் குரல் மட்டும் வரவில்லை.