பீப்பாவைத் தாண்டிய ஈயம்

நோர்வே மாமா வருகிறார் என்றதும் நாங்கள் சொக்லேட்டை எதிர்பார்த்தோம். அவரோ மூன்று துண்டாகக் கழற்றிப் பூட்டும் ஒரு தூண்டில் தடியோடு வந்து இறங்கினார். மண்டைதீவுச் சோதனைச் சாவடியில் அதைப் பூட்டிக் காட்டி, இது மீன்பிடிக்கத்தான் என்று அரைமணி நேரம் சத்தியம் பண்ணினாராம். சண்டை ஓய்ந்திருந்த வருடம் அது. எனக்குப் பதின்மூன்று வயது.

மாமா அம்மாவின் தம்பி. எத்தனையோ வருடம் குளிரில் கிடந்தும் வாய் மட்டும் உறையவில்லை.

“கரையில நிண்டே நூறு மீற்றர் எறியலாம் அத்தான். வள்ளமே தேவையில்லை” என்றார் அப்பாவிடம்.

வள்ளத்தை விறகுக்குக் கொத்தச் சொன்னதுபோல அப்பா அவரைப் பார்த்தார்.

எங்கள் கரைக்கு எதிரே சிவப்புப் பீப்பாக்கள் வரிசையாக மிதந்தன. அவற்றைத் தாண்டி வள்ளம் போகக்கூடாது என்பது கடற்படையின் கட்டளை. சண்டை ஓய்ந்த பிறகும் அதை எடுக்கவில்லை. பீப்பாவுக்கு அங்கால்தான் கடல் ஆழமாகும் பள்ளம். இளந்தாரியாக இருந்த காலத்தில் அப்பா பெரிய பாரை மீன் பிடித்த இடம் அது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் முழங்கால் தண்ணீரில் ஒட்டி, திரளி என்று சின்ன மீன்கள்தான் பிடித்துக்கொண்டிருந்தார். பள்ளத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

“வள்ளம் போகக்கூடாது எண்டுதானே கட்டளை? ஈயம் போகக்கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே” என்றார் மாமா, தூண்டில் நுனியில் தொங்கிய ஈயக்கட்டியை ஆட்டிக் காட்டி.

நோர்வேக்குத் திரும்பிப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் கடற்கரையில் வைத்து அறிவித்தார்: “ஆர் பீப்பாவைத் தாண்டி எறியினமோ, தடி அவைக்குத்தான்.”

எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள். என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு வெறும் பால்மாத் தகர ரின்னும், அதில் சுற்றிய தங்கூசி நூலும், கரையோர மீன்களும்தான். தூரத்து மீன் ஒன்று என் கையில் இழுபட வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன். அந்தத் தடி வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

தடிக்கு இரண்டு றீல் இருந்தன. ஒன்று பித்தளை மினுங்கும் பாரமான உருளை. தங்கூசி ஓட ஓட அதுவும் சுழலும். மற்றது பார்வைக்குப் பாவமான சாதனம். அதன் உருளை கடலைப் பார்த்தபடி அசையாமல் இருக்கும். வந்த ஆம்பிளைகள் எல்லோரும் பித்தளையைத்தான் கேட்டார்கள். பாரமான சாமானுக்குத்தான் பலம் கூட என்பது அவர்களுடைய எண்ணம்.

முதலில் மாமாவே எறிந்தார். உருளை தங்கூசியைவிட வேகமாகச் சுழன்று, ஒரு காகக்கூட்டைக் கட்டிவிட்டு நின்றது. சிக்கெடுக்க ஒரு சிகரெட் நேரம் பிடித்தது. காற்றுச் சரியில்லையாம். சோளகக் காற்று எங்கள் முதுகில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு சித்தப்பா. கைத்தூண்டிலை வெட்டி எறிகிற பழக்கத்தில் தடியையும் ஒரே வெட்டாக வெட்டி வீசினார். தங்கூசி அறுந்தது. ஈயம் மட்டும் அழகாகப் பறந்து பீப்பாவைத் தாண்டி விழுந்தது.

“தாண்டிச்சுதோ இல்லையோ?” என்று சித்தப்பா கையை உயர்த்தினார்.

“தூண்டில் இஞ்ச கிடக்கு, ஈயம் அங்க கிடக்கு. மீன் என்ன நீந்தி வந்து கொழுவுமோ?” என்றார் அம்மா. கரையே சிரித்தது.

அதற்குப் பிறகு நாலைந்து பேர் எறிந்தார்கள். காகக்கூடுகள் பெருகின. நான் அந்தப் பாவப்பட்ட றீலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் உருளை சுழலாது. தங்கூசி விளிம்பால் வழுக்கிக் கழன்றுகொண்டு போகும். என்னுடைய பால்மா ரின்னும் அதே வேலையைத்தான் செய்தது. வாயைக் கடல்பக்கம் பிடித்தால் தங்கூசி சிக்காமல் தானே கழன்று ஓடும்.

“நானும் எறியலாமோ மாமா? மற்ற றீலைப் பூட்டித் தாங்கோ.”

“அது பழகிற ஆக்களின்ர றீல் பிள்ளை.”

“பெட்டைக்கு ஏலாது, விடும்” என்றார் சித்தப்பா.

அப்பா வந்து, அந்த றீலின் தூண்டிலில் இரையாக ஒரு கணவாய்த் துண்டைக் கொழுவிவிட்டு விலகி நின்றார். அதற்கு மேல் மாமாவால் மறுக்க ஏலவில்லை; அதைத் தடியில் பூட்டித் தந்தார்.

முதல் எறி பாதித் தூரத்தில் விழுந்தது. சித்தப்பாவின் இருமல் கேட்டது. கையால் வெட்டினால் சரிவராது என்று அப்போதுதான் பிடிபட்டது. இரண்டாம் முறை கடலுக்கு முதுகு காட்டினேன். ஈயத்தைப் பின்னால் தொங்கவிட்டு, தங்கூசியை ஒரு விரலில் பிடித்தேன். ஆறுதலாகத் தொடங்கி, உடம்பு முழுவதையும் திருப்பி, கிணற்றில் வாளி இழுப்பதுபோலக் கீழ்க்கையை நெஞ்சுக்கு இழுத்து, மேற்கையால் தள்ளினேன். தடி வளைந்து நிமிர்ந்தபோது விரலை விட்டேன்.

தங்கூசி விசிலடித்தது. ஈயம் ஏறி, சின்னதாகி, காணாமல் போனது. பீப்பாவுக்கு அங்கால் ஒரு வெள்ளைப் புள்ளி தெறித்தது.

அப்பா ஓடிவந்து தங்கூசியை விரலில் ஏந்தி எண்ணத் தொடங்கினார். ஈயம் தாழத் தாழ எண்ணினார். ஈயம் அடியைத் தொட்டுத் தங்கூசி தளர்ந்ததும் எண்ணுவதை நிறுத்தினார்.

“பள்ளத்திலதான் கிடக்கு” என்றார். தங்கூசியை விரலிலிருந்து எடுக்கவில்லை.

பிறகுதான் கரை கத்தியது. அந்தச் சத்தம் அடங்குமுன் தடி குனிந்தது. என்னை இரண்டடி தண்ணீருக்குள் இழுத்தது. ஒருவரையும் தொடவிடவில்லை. கை வலித்தது, அழுகை வந்தது, அழுதுகொண்டே சுற்றினேன். இடுப்பளவு தண்ணீரில் அப்பா பாய்ந்து செவுளில் பிடித்துத் தூக்கியபோது, அது என் காலளவு நீளமான பாரை. உலகத்தில் என்னைவிடப் பெரிய ஆள் அன்று இல்லை.

“தடி பிள்ளைக்குத்தான். நான் சொன்னா சொன்னதுதான்” என்று மாமா, தானே எறிந்ததுபோல அன்றிரவு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சித்தப்பா அந்த மீனில் இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.

மாமா போன பிறகு, பின்னேரங்களில் அப்பா என்னைக் கடற்கரைக்குக் கூப்பிடுவார். நான் எறிவேன். அவர் தங்கூசியை விரலில் வாங்கிக்கொண்டு மணலில் குந்தியிருப்பார். என் எறியைச் சோதிக்கிறார் என்று நினைத்து நான் இன்னும் தூரம் எறிந்து காட்டுவேன்.

ஒருநாள் எறிந்த பிறகுதான் கவனித்தேன்.

“அப்பா, இரை கொழுவ மறந்துபோனன். இழுக்கட்டோ?”

“வேண்டாம். கிடக்கட்டும்” என்றார், கண்ணைப் பள்ளத்திலிருந்து எடுக்காமல்.

இரையில்லாத தூண்டிலை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாரே, இத்தனை வருடம் கடலில் என்னதான் படித்தாரோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடமும் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.