ஒரே குசினியில் இரண்டு வயிறு

திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றில் கயிறு பிடிப்பது என் வேலை. கப்பல் வந்தால் ஒரு மணி நேரம் உடம்பு முறியும். மற்ற நேரமெல்லாம் காத்திருப்புத்தான். உள்துறைமுகத்தில் தண்ணீர் அதிகம் அசையாது. வெயில் ஏற ஏற மலை எது, தண்ணீரில் கிடக்கும் அதன் நிழல் எது என்று தெரியாமல் போகும். அந்த நேரம் பார்த்து எனக்குப் பசிக்கும். விடியவே பேக்கரியில் வாங்கிய அரை இறாத்தல் பாணும் சீனிச் சம்பலும் தின்றுவிட்டுத்தான் வந்திருப்பேன். ஆனாலும் பத்து மணிக்கு முன்பே கை நடுங்கும், கண்ணுக்குள் பூச்சி பறக்கும். இரண்டு பணிஸும் பால் விடாத இனிப்பான பிளேன்ரீயும் உள்ளே போனதும் எல்லாம் அடங்கி, நித்திரை வரும். அந்த அரை நித்திரையில் எத்தனையோ வருஷங்கள் போய்விட்டன.

ஒரு நாள் கிளினிக்கில், இரத்தத்தில் சீனி கூடத் தொடங்கிவிட்டது என்றார்கள். நேர்ஸ் மிஸ் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

“காலமையில என்ன சாப்பிடுறனீங்கள்?”

“பாண்தான், மிஸ்.”

“பாணும் சீனியும் வயித்தில நிக்காது. கெதியாக் கரைஞ்சுபோய்த் திரும்பப் பசிக்கும். மீன், முட்டை, கடலை, கீரை எண்டு சாப்பிட்டுப் பாருங்கோ. புரதமும் நாரும் மெல்ல மெல்லத்தான் செமிக்கும். பசி பிந்தித்தான் வரும்.”

அப்போது வீட்டில் சமையல் என் பொறுப்பில் இருந்தது. மனைவி காய்ச்சலில் விழுந்து, அது நெஞ்சுக்கு இறங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியிருந்தாள். குசினியில் ஐந்து நிமிஷம் நிற்க அவளால் ஏலாது. குளிக்கக் கிணற்றடிக்குப் போனால் வழியில் ஒருதரம் உட்கார வேண்டும். உடம்பு வற்றிச் சட்டை தொளதொளத்துப் போனதால், ஊசி குத்தித்தான் போட்டிருந்தாள்.

மறுநாள் குரக்கன் என்கிற கேழ்வரகு மாவில் பிட்டு அவித்தேன். சூடை மீன் குழம்பு, அவித்த கடலை, முருங்கையிலை வறை. தின்றுவிட்டு வேலைக்குப் போனேன். படகின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிபோல ஒரு சொறிமுட்டை, அதுதான் ஜெலிமீன், சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, படகைக் கடந்து போனது. அதன் பின்னால் இன்னொன்று. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. பக்கத்திலிருந்தவர் பணிஸ் பையை நீட்டியபோதுதான் மணி பதினொன்று தாண்டியது தெரிந்தது. வயிறு என்னைக் கூப்பிடவே இல்லை. இத்தனை காலமும் அந்தத் துறைமுகத்தை நான் பசியின் ஊடாகத்தான் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

எனக்கு நல்லது அவளுக்கும் நல்லதுதானே என்று அதையே அவளுக்கும் போட்டேன். தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு, கௌபிப் பயறு, நிறையக் கீரை. நாலு வாய் சாப்பிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைப்பாள். நாளுக்கு நாள் அது மூன்று வாய், இரண்டு வாய் என்று குறைந்தது. ஒரு மத்தியானம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“நான் சமைக்கிறது பிடிக்கேல்லையெண்டால் சொல்லுமன்.”

“ருசியாத்தான் இருக்கு. உள்ளுக்கை இடமில்லையப்பா.”

“காலமையிலயிருந்து என்னத்தைச் சாப்பிட்டனீர், இடமில்லாமப் போக?”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முதுகைப் பார்த்தபடி அந்தச் சோற்றையும் நானே தின்றேன்.

அடுத்த கிளினிக்கில் என் எடை குறைந்திருந்தது. பெருமை தாங்காமல், வீட்டில் இருவருக்கும் ஒரே சாப்பாடுதான் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, மனைவிக்கு என்ன வருத்தம் வந்தது, இப்போது எவ்வளவு சாப்பிடுகிறாள் என்றெல்லாம் கேட்டார்.

“உங்களுக்குப் பசி அடங்க வேணும். அவவுக்குப் பசி வர வேணும். ரெண்டும் ஒண்டோ?” என்றார். “நார் கூடின சாப்பாடு நாலு வாயிலயே வயித்தை நிரப்பிப்போடும். புரதம் அவவுக்குக் கட்டாயம் வேணும். ஆனா கொஞ்சங் கொஞ்சமா, குழைவான சாப்பாட்டில குடுங்கோ. முட்டையைக் கஞ்சிக்குள்ள அடிச்சு விடுங்கோ. தேங்காய்ப்பால் சேருங்கோ. சாப்பிட முன்னம் வயிறு முட்டத் தண்ணி குடுக்காதேங்கோ.”

வீட்டுக்கு நடந்தே வந்தேன். கடற்கரை வீதியில், எங்கள் ஊருக்குள்ளேயே திரியும் மான்கள் நிழலுக்கு ஒதுங்கி எதையோ மென்றுகொண்டிருந்தன. இரண்டு கிழமையாக என் கையாலேயே அவளுடைய பசியை மூடி வைத்திருக்கிறேன் என்ற நினைப்பைத் தவிர வேறொன்றும் மனதில் ஓடவில்லை. வந்ததும் மிஸ் சொன்னதை அவளிடம் சொன்னேன். “அப்ப இடமில்லையெண்டு நான் சொன்னது விசர்க்கதையில்லை,” என்றாள். கன நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அன்றிலிருந்து இரண்டு அடுப்பும் எரிந்தன. அவளுக்கு வெள்ளையரிசிக் கஞ்சி, முள் எடுத்துப் பிசைந்த மீனும் சொதியும், கிண்ணியாவிலிருந்து வரும் எருமைத் தயிர். எல்லாம் ஒரு சின்னக் கிண்ணம்தான், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம். வேலை நாளில் மூடி வைத்துவிட்டுப் போவேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கிண்ணங்கள் மட்டும் பாதியில் நிற்காமல் காலியாகத் தொடங்கின.

ஒரு பின்னேரம் வேலை முடிந்து வந்தபோது அவள் குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். விரலில் குழம்பு.

“உங்கட மீனை நான் முடிச்சிட்டன்,” என்றாள்.

“எந்த மீன்?”

“சட்டியில இருந்த எல்லாந்தான். படுத்திருந்தனான், பசிச்சு முழிப்பு வந்திட்டுது. கிண்ணத்தில வைச்சது போதாமப் போச்சு. கோபமோ?”

காலிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். வெறும் பிட்டைத் தேங்காய்ச் சம்பலோடு தின்றேன். அவள் பக்கத்திலிருந்து, சம்பலுக்கு உப்புக் கூடிப்போச்சு என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.