ஊசியே உடையாத லைன்

நான்கு வருடங்களுக்கு முன்பு, சமயநல்லூர் பக்கத்தில் குழந்தைகளுக்கான கவுன் தைக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். என் லைனில், அதாவது ஒரு தையல் மெஷின் வரிசையில், இருபத்தாறு பெண்கள்.

அங்கே ஒரு கண்டிப்பான விதி. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் புது ஊசி வாங்க வேண்டும். ஒரு துண்டு துணியில் மாட்டிக்கொண்டாலும் போடுகிற குழந்தைக்குக் குத்திவிடும்.

என் லைனில் ஐந்து மாதமாக ஒரு ஊசிகூட உடையவில்லை. அதிலும் மேலூரிலிருந்து வரும் ஓர் அக்காவை மீட்டிங்கில் எழுப்பி நிறுத்திப் பாராட்டியிருக்கிறேன். வேகமான கை. வாய் அதைவிட வேகம். அவர் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே லைன் முழுக்க வேலை நடக்கும்.

ஒருநாள் மதியம், பேக்கிங்குக்கு முன்னால் உலோகம் இருக்கிறதா என்று பார்க்கும் மெஷின் ஒரு கவுனுக்குச் சத்தம் போட்டது. இடுப்புப் பட்டியைப் பிரித்தால், உள்ளே அரை ஊசி. அந்தத் துணிக்கட்டோடு வந்த, தைத்தவர் பெயர் எழுதிய சீட்டைப் பார்த்தேன். அந்த அக்கா தைத்தது.

கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. பையிலிருந்து ஒரு ஊசி பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தார். வெளிக்கடையில் வாங்கி, உடையும்போதெல்லாம் சத்தமில்லாமல் மாற்றியிருக்கிறார்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? குழந்தைக்குக் குத்தியிருந்தா?"

"தப்புதான் மேடம். துண்டையெல்லாம் தேடித்தான் எடுப்பேன். இது எப்படியோ கண்ணுல படல." பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார். "அஞ்சு மாசத்துக்கு முன்னாடி ஊசிய ஒடச்ச பிள்ளையை அம்புட்டுப் பேரு முன்னாடி நிக்க வச்சு, கை நடுங்குறவுக வீட்டுல இருங்கன்னு சொன்னீகள்ல. அந்தப் பிள்ள பாத்ரூம்ல போயி அழுதுச்சு. அதுக்கப்புறம் நம்ம லைன்ல யாரு ஊசியும் ஒடையல மேடம்."

கடைசி வாக்கியம் எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. ஊசி உடையாமல் இல்லை; எனக்குப் பயந்து லைன் முழுக்க மறைத்திருக்கிறார்கள்.

விஷயம் தெரிந்ததும் மேனேஜர், அக்காவை உடனே வேலையை விட்டு அனுப்பச் சொன்னார். ஒருநாள் அவகாசம் கேட்டேன்.

மறுநாள் டீ நேரத்தில், முன்பு திட்டிய அதே இடத்தில் நின்று அந்தப் பெண்ணிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு என் டிபன் பாக்ஸ் மூடியை மேஜையில் வைத்து, "வெளியே வாங்குன ஊசி வச்சிருக்கவங்க இதுல போட்டுடுங்க. யாருன்னு நான் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூடி நிறைந்து, பாக்கெட்டுகள் மேஜையிலும் கிடந்தன.

அன்று தையலை நிறுத்திவிட்டு, கையிருப்பில் இருந்த கவுன்களை எல்லாம் மறுபடியும் மெஷினில் விட்டோம். யாரும் சொல்லாமலே அந்த அக்கா ஒவ்வொரு மடிப்பையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, வேறு துண்டு எதுவும் இல்லை.

மேனேஜருக்கு நான் எழுதிய ரிப்போர்ட்டில் அக்காவின் தவறோடு என் தவறையும் எழுதினேன். படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதமும் மூன்று நாள் சஸ்பெண்டும் என்று முடிந்தது. எனக்கும் ஒரு கடிதம் வந்தது. வரவேண்டியதுதான்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அக்கா சொன்னார்: "மூணு நாள் கழிச்சு வாரேன் மேடம். அதுக்குள்ள என் மெஷினை வேற யாருக்கும் குடுத்துறாதீக."

திரும்பி வந்த அன்று காலையிலேயே அவர் மெஷினில் ஊசி உடைந்தது. இரண்டு துண்டையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "மேடம், ஒடச்சுப்புட்டேன், வந்து பாருங்க" என்றார். லைனே சிரித்தது. நானும்தான்.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். யாராவது தயங்கித் தயங்கி வந்து, "மேடம், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று நின்றால், கோபம் வருவதற்கு முன்னால், இவர் என்னை நம்பி வந்திருக்கிறார் என்பதுதான் மனதில் படுகிறது.