வெட்டட்டுமா, தம்பி?

சவரக் கத்தி இருளப்பன் அண்ணனின் வலது கையில் இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் கழுத்தில் பாதி நுரை வழிக்கப்பட்டு, மீதி காய்ந்துகொண்டிருக்கிறது. "சபார் லா, இதோ வந்துட்டேன்" என்று அவரிடம் பொறுமை கேட்டுவிட்டு, அண்ணன் நாலடி நடந்து வந்து சுவரோர பெஞ்சில் இருக்கும் டாம் பலகையைக் குனிந்து பார்க்கிறார். இடது கையின் இரண்டு விரல்கள் மேலே போய் மீசை நுனியை ஒரு முறுக்கு முறுக்குகின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் நான் அப்போதே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். அவர் மீசையை முறுக்கிய பிறகு அந்தக் கடையில் யாரும் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் எனக்கு ரோசம் உண்டு, புத்திதான் இல்லை. உட்கார்ந்தே தோற்பேன்.

கெடா மாநிலத்துத் திகாம் பத்து ஊரில், பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, காப்பிக் கடைக்குப் பக்கத்தில் அவருடைய முடிவெட்டும் கடை. ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, ஒரு பெஞ்சு. வயது ஐம்பத்திரண்டு. அந்த நாற்காலியில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஆளில்லாத மத்தியானத்திலும் பெஞ்சில்தான் சாய்வார். ஏன் என்று கேட்டால், "நான் குந்திட்டா எனக்கு யாரு வெட்டுறது?" என்பார். தன் மீசையைத் தானே கண்ணாடி முன் நின்று கத்தரித்துக்கொள்வார். இருபது வயதிலிருந்து வேறொரு கை அதைத் தொட்டதில்லை. கிருதாவோடு கைகோக்கும் அளவுக்கு வளர்ந்த மீசை அது.

டாம் ஆடத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டம் போட்ட பலகை, குறுக்காக நகரும் காய்கள். நம் கடையில் காய் என்பது சோடா மூடி. ஒருவருக்கு மூடி நிமிர்ந்திருக்கும், மற்றவருக்குக் கவிழ்ந்திருக்கும். எதிராளியின் காயைத் தாண்டிக் குதித்தால் அதை வெட்டியதாகக் கணக்கு. வெட்ட வாய்ப்பு வந்தால் கட்டாயம் வெட்ட வேண்டும். ஐயோ பாவம் என்று விட்டால், விட்டவனுடைய காய் போச்சு. கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்த காய் மக்காவுக்குப் போய்வந்த மாதிரி ஹாஜி ஆகிவிடும். மூடிமேல் மூடி வைப்பார்கள். அதற்கப்புறம் அது முன்னும் பின்னும் எத்தனை கட்டமும் பறக்கும். இருளப்பன் அண்ணன் சாதாரண மூடியை "போடா, போடா" என்று தள்ளுவார். அதே மூடி ஹாஜி ஆனதும், "வாங்க ஹாஜி, இப்படி உக்காருங்க" என்று மரியாதை தாவிக் குதிக்கும். ஒரு சோடா மூடிக்கு அவர் கொடுக்கும் மரியாதையை எனக்குக் கொடுத்ததில்லை.

நான் யார் என்றால், பெயர் ஹெர்பர்ட். அண்ணன் வாயில் 'ஏர்பட்டு'. பேருந்தில் டிக்கெட் பரிசோதிக்கும் செக்கர் உத்தியோகம். உடம்பு ஈர்க்குச்சி, குரல் கீச்சு. இந்த இரண்டையும் மறைக்க ஏழு வருஷமாக எண்ணெய் விட்டு ஒரு மீசை வளர்த்தேன். அதைப் பார்த்துத்தான் பிரயாணிகள் டிக்கெட்டை நீட்டுகிறார்கள் என்பது என் நம்பிக்கை. முப்பத்தொரு வயதில் மூன்று பெண் வீடுகள் பார்த்து, மூன்றிலும் காப்பி மட்டுமே கிடைத்தது. மீசை இருந்தே இந்தக் கதி, இல்லாவிட்டால் காப்பிகூடக் கிடைத்திருக்காது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

எட்டுக்கு எட்டுப் பலகையில் நான் இரண்டாம் இடம். ஊரில் ஒழுங்காக ஆடுகிறவர்கள் நாலே பேர் என்பதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. நாலு தொடக்கங்கள் மனப்பாடம். அதற்கு மேல் மூளையைத் தொந்தரவு செய்ததில்லை. எண்பத்தொன்றாம் வருஷம் முடி வெட்ட வந்த ஒரு லோரி ஓட்டுநர் பெஞ்சைப் பார்த்துவிட்டு, "இன்னும் சின்னப் பலகையிலா ஆடுறீங்க? வெளியிலே எல்லாம் பன்னெண்டு கட்டம், ஆளுக்கு முப்பது காய்" என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அண்ணன் மூன்று பேருக்குக் கிருதாவைக் கோணலாக வெட்டினார்.

புதுப் பலகை வாங்கினாரா? அதுதான் இல்லை. பழையதை விட்டுக்கொடுக்க மனசில்லை. தேயிலைப் பெட்டியை உடைத்து, பழைய பலகையின் நாலு பக்கமும் இரண்டிரண்டு கட்ட அகலத்துக்குப் பட்டை அடித்து, கறுப்பு வெள்ளைச் சாயம் பூசினார். நடுவில் கை பட்டுப் பட்டு வழவழத்த பழைய எட்டு, சுற்றிலும் சாய வாசனையோடு புதியது. ஒட்டிய இடத்தில் மேடு தட்டி மூடிகள் குப்புற விழுந்தன. அந்த மேட்டுக்கு, எங்களுக்கு வடக்கே இருக்கும் நாட்டு எல்லையின் பெயரை, 'சியாம் பார்டர்' என்று வைத்தோம். அறுபது மூடி வேண்டுமே! என் பங்குக்கு ஒரு வாரத்தில் பதினாறு போத்தல் ஆரஞ்சு குடித்தேன். பல் கூசியது, வயிறு புரண்டது, ஆட்டம் மட்டும் முன்னேறவில்லை.

புதுப் பலகையைப் பற்றி ஆட்டக்காரர்களின் கருத்தைக் கேளுங்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ராமையா ஒரே ஆட்டத்தோடு எழுந்துவிட்டார். "இது வெளையாட்டா அண்ணே? நூத்தி நாப்பத்திநாலு கட்டம்! காலையிலே என் நெரையிலே மரம் பாக்கறது பத்தாதா?" தபால்காரர் சுப்பிரமணியம் தன் காய் ஹாஜியாகப் புறப்பட்டு நடு வழியில் வெட்டுப்பட்டதும், "நான் மெர்போக் வரைக்கும் சைக்கிள்லே போய்ட்டு வந்திருவேன், இவன் போய்ச் சேர மாட்டேங்கிறானே" என்று கைகழுவினார். அண்ணனின் மனைவி மருதம்மாளுக்குப் பலகையைப் பற்றி நல்ல அபிப்பிராயம்தான். கோழிக்கூண்டுக்குக் கதவாகப் போட்டால் அளவு சரியாக இருக்கும் என்றார்.

மிஞ்சியது நான் ஒருவன். என் கருத்து என்ன? சின்னப் பலகையில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய பலகை வந்த பிறகுதான், இத்தனை நாளும் இடம் போதாமல் என் முட்டாள்தனம் முழுசாக வெளிப்படவில்லை என்று தெரிந்தது. மனப்பாடம் செய்த நாலு தொடக்கமும் சியாம் பார்டரிலேயே செத்தன. ஓரத்துக் காயைப் பார்த்தால் நடு மறந்துபோகும், நடுவைப் பார்த்தால் ஓரம் பறிபோகும். அண்ணன் மட்டும் கடலில் விட்ட மீனாகிவிட்டார். "மொதல்ல குடுக்கணும் தம்பி. நீ வாங்கறதுலேயே கண்ணா இருக்கே" என்று சொல்லி ஒரு மூடியைத் தானாக நீட்டுவார். கட்டாயம் என்பதால் வெட்டுவேன். வெட்டினதும் என்னுடையதில் மூன்றை அள்ளிக்கொண்டு, "ஹாபிஸ்!" என்பார். முடிந்தது என்று அர்த்தம்.

பெரிய பலகை பெஞ்சில் நிற்கவில்லை, பாதி அந்தரத்தில் தொங்கியது. நாற்காலியின் இரண்டு கைகள்மேல் வைத்தால் மட்டும் செய்துவைத்த மாதிரி உட்கார்ந்தது. ஆகவே ஆட வருகிறவன் நாற்காலியில் உட்கார வேண்டும், மடிக்கு மேலே பலகை. அண்ணன் பின்னால் நின்று என் தோளுக்கு மேல் கையை நீட்டி, சீப்பின் முனையால் காயைத் தள்ளுவார். சும்மா நிற்க அவருக்கு வராது. இடையிடையே என் தலையில் ஏதாவது வெட்டிக்கொண்டே இருப்பார். அந்த மாதங்களில் கெடா மாநிலத்திலேயே மிகக் குட்டையான முடி என்னுடையதுதான்.

இந்த நேரத்தில் நாலாவது பெண் வீடு வந்தது. பாலிங் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி இஞ்ஞாசிமுத்துவின் மகள் பிரிஜெட். என் கேதரின் அத்தை பெண் பார்க்கப் பேசி முடித்து, ஸ்டூடியோவில் எடுத்த என் படத்தையும் அனுப்பியிருந்தார். மீசை தெளிவாக விழ வேண்டும் என்று நான் இரண்டு முறை எடுக்கச் சொன்ன படம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து புறப்பட வேண்டும். "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே என்னைக் கூப்பிடாதே, நீயே சாமியாராப் போயிரு" என்று அத்தை முடிவாகச் சொல்லிவிட்டார். உள்ளூர எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எத்தனை நாளைக்குத்தான் டாம் பலகைக்கும் பேருந்துக்கும் நடுவில் வாழ்வது?

சனிக்கிழமை மத்தியானம் மீசையைச் சீராக்கிக்கொள்ள அண்ணன் கடைக்குப் போனேன். பலகை மடிமேல் ஏறியது. ஒரு வாரமாக யோசித்து வைத்த பொறி ஒன்று என்னிடம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நானாக ஒரு மூடியை நீட்டினேன். அவர் அதை வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் நான் நாலு காயைத் தின்று ஹாஜி ஆகிவிடுவேன்! கண் அந்த ஒரு மூடியை விட்டு அகலவில்லை. மேலே அவர் என் மீசைக்கு நுரை போட்டு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான்.

"வெட்டட்டுமா, தம்பி?"

"வெட்டு, அண்ணே!"

"கொஞ்சமாவா? முழுசாவா?"

"இதிலே என்ன கொஞ்சம்? முழுசா வெட்டு! வெட்டித்தானே ஆவணும்!"

அண்ணன் சற்றுத் தயங்கினார். "நல்லா யோசிச்சியா?"

"ஒரு வாரமா யோசிச்சு வெச்சிருக்கேன்! வெட்டுண்ணே!"

மூடி நகரவில்லை. மேலுதட்டின் இடது பக்கம் மட்டும் திடீரென்று சில்லென்று காற்று பட்டது.

கண்ணாடியைப் பார்த்தேன். அதில் பாதி செக்கரும் பாதி பள்ளிக்கூடப் பையனும் இருந்தார்கள். எழுந்து ஓடவும் வழியில்லை, மடியில் நூற்று நாற்பத்துநாலு கட்டம். "ஐயோ, நான் காயைச் சொன்னேன்!" என்று கத்தினேன். அந்தக் கீச்சுக் குரல் கேட்டு எதிரே பேருந்துக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் பலகையைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், கையில் இருந்த கத்தியைப் பார்த்தார். அவருக்கு முகம் செத்துப்போயிற்று. "நான் மீசையைக் கேட்டேன் தம்பி" என்றார் மெதுவாக.

மறு பாதியும் போக வேண்டியதாயிற்று. நான் பாலிங் போகப்போவதில்லை என்று சொன்னேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன், கண்ணில் தண்ணீர் முட்டியது. இந்த முகத்தோடு போனால் பெண் என்னை 'தம்பி' என்று கூப்பிடுவாள் என்றேன். நாலாவதும் போச்சு, சாமியார்தான் என்றேன். அண்ணன் ஒரு மூடிகூட அசையாமல் பலகையைத் தூக்கித் தரையில் வைத்தார். என்னை எழுப்பிவிட்டார். பிறகு அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். துணியை எடுத்துத் தன் கழுத்தில் தானே கட்டிக்கொண்டு, கத்தியை என்னிடம் நீட்டினார்.

"வெட்டு."

"என்னண்ணே இது? எனக்குக் கத்தி பிடிக்கக்கூடத் தெரியாது."

"நான் கண்ணை மூடிக்கிறேன். நாளைக்கு நானும் வரேன். ரெண்டு பேரும் ஒரே மாரி போனா, இந்த ஊரு வழக்கம்னு நெனச்சுக்குவாங்க லா. வெட்டு தம்பி. வெட்ட வேண்டிய எடத்துலே வெட்டாம விட்டா காய் போயிரும்."

முப்பத்திரண்டு வருஷத்து மீசையை மூன்று இடத்தில் ரத்தக் கீறலோடு எடுத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மருதம்மாள் வாசலில் நின்று, "கடைக்காரர் எங்கே போயிட்டாருங்க?" என்று தன் புருஷனையே கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கடைக்கு வியாபார நாள். அன்றைக்கு முதல் முறையாகக் கதவு சாத்தியிருந்தது. பாலிங் பேருந்தில் எங்கள் கம்பெனிக் கண்டக்டரே என்னை அடையாளம் தெரியாமல் டிக்கெட் கேட்டான். மீசையைப் பற்றிய என் நம்பிக்கை வீண் நம்பிக்கை இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

இஞ்ஞாசிமுத்துக் கிராணி அலமாரியில் இருந்த என் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். கேதரின் அத்தையையும் சேர்த்து எங்கள் பக்கம் மூன்று பேருக்கும் மீசை இல்லை. "உங்க ஊர்லே யாரும் மீசை வெக்கிறதில்லீங்களா?" என்று கேட்டார். ஊர் வழக்கம் என்று அண்ணன் ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். அவருக்குப் பொய் வரவில்லை. "நான்தாங்க வெட்டினேன். இவரு காயை வெட்டச் சொன்னாரு, நான் மீசைன்னு நெனச்சுட்டேன். தப்பு என்னுது, புள்ள தங்கமான புள்ளைங்க" என்று பலகையில் தொடங்கி, சியாம் பார்டர், பதினாறு போத்தல் ஆரஞ்சு வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, நாலாவது காப்பிக்காகக் காத்திருந்தேன்.

உள்ளே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. பிரிஜெட் காப்பித் தட்டோடு வெளியே வந்தாள். என் முகத்தை நன்றாகவே பார்த்தாள். பிறகு அப்பாவிடம் குனிந்து, எங்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"போட்டோவைப் பாத்துட்டு வேணாம்னு சொல்லத்தான்பா இருந்தேன். அந்த மீசை பயமா இருந்துச்சு. இது பரவாயில்லே."

நான் நம்ப முடியாமல் அண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காப்பியைத் தொடாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை மெல்ல மேலே போயிற்று. நான் போட்ட கீறலுக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், இரண்டு விரல்களும் காற்றை ஒரு முறுக்கு முறுக்கின.