முகத்தின் மேல் விழுந்த பெயர்

இலங்கை மலையகத்தில், பட்டிப்பொலை ஸ்டேஷனில் ரயில் நகராமல் நின்றது. எதிர் சீட்டில், கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும்படி கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் லேப்டாப்பில் தன் குறும்படத்தை எடிட் செய்துகொண்டிருந்தார். யாராவது கடந்தால் சட்டென மூடிவிடுவார். நான் விடுவேனா? எட்டிப் பார்த்தேன். திரையில், தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கூரை ஒழுகுவதாக ஓர் அம்மா தோட்டத்து மேலாளரான துரையைத் திட்டிக்கொண்டிருந்தார். இலவச எடிட்டிங் மென்பொருள் தானாகப் பதிக்கும் அதன் பெயர் பெரிதாக அந்த அம்மாவின் முகத்தின் மேலேயே விழுந்திருந்தது.

"என்னண்ணே, அம்மாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிட்டீங்க? பேரு விழாத சாப்ட்வேரும் ஓசியில இருக்கே!" என்று சிரித்தேன்.

"தெரியும் தம்பி. பேரு விழணும்னுதான் இத எடுத்தேன். அது எங்கம்மா. தொர அடையாளம் கண்டா லயத்த விட்டே வெரட்டிருவாங்க."

"அப்ப மூஞ்சிய மங்கலாக்கிருங்களேன்."

"மங்கலாக்குனா யாருன்னு தேடுவாங்க. இதப் பாத்தா, காசில்லாத பயன்னு சிரிச்சிட்டுப் போயிருவாங்க."

அப்படிச் சிரித்த முதல் ஆள் நான்தான்.