ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த நல்லெண்ணெய்க் கோழி

தங்கைக்குத் தைவானில்தான் பிரசவம் என்று முடிவானதும், துணைக்கு நான் போவது என்பதில் வீட்டில் யாருக்கும் மறுபேச்சு இருக்கவில்லை. அம்மா இல்லை. தங்கையின் மாமியாருக்கு முட்டிவலி. விமானம் என்றாலே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். ஆசியப் படத்தில் தைவானைப் பிள்ளைகளுக்குக் குச்சியால் தொட்டுக் காட்டியதோடு அந்தத் தீவுக்கும் எனக்கும் இருந்த உறவு சரி. பிரசவம் கோடை விடுமுறையில் வந்ததால், லீவு கேட்டு யார் முன்னாலும் நிற்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டி நிறையக் கொண்டுபோனேன். மலைப்பூண்டு, சின்ன வெங்காயம், சுக்கு, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். பிள்ளைக்கு விரிக்க, பல வருஷம் துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆகிவிட்ட சின்னாளப்பட்டிச் சேலைகளைக் கிழித்து மடித்து வைத்திருந்தேன். அங்கே இறங்கியதும் விமான நிலையத்தில் பூண்டையும் வெங்காயத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மண்ணில் விளைந்தது எதுவும் பச்சையாக உள்ளே வரக்கூடாதாம். எடுத்துக்கொண்ட பெண் அதிகாரி இரண்டு கையாலும் பையை வாங்கி, எனக்குத் தலை குனிந்து வணங்கினாள். இவ்வளவு மரியாதையாகப் பறித்துக்கொண்டால் கோபப்படவும் முடிவதில்லை.

குழந்தை என்னை முந்திக்கொண்டது. நான் போய்ச் சேர்வதற்குள் தங்கைக்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று ஆகி, பெண் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்று கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்தில் படுக்க வைத்திருந்தார்கள். அதனால் எல்லோரும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதாயிற்று. வீடு வேறு ஊரில், ரயிலில் போகிற தூரம். தங்கையின் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மடக்குப் படுக்கை. அடுப்பு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நல்லெண்ணெய் பாட்டிலை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. தங்கை இரண்டு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடுவாள். அவள் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் லீவு முடிந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பும் முன்னால் அவர் என் போனை வாங்கி, சாப்பாடு வரவழைக்கும் செயலியை ஏற்றிக் கொடுத்தார்.

"மதினி, படத்தப் பாத்து அமுக்குங்க. வண்டி எங்க வருதுன்னு மேப்புல தெரியும். கீழ வாசல்ல போயி வாங்கிக்கிடலாம். அம்புட்டுதேன்."

திண்டுக்கல்லில் நான் அந்தச் செயலியைத் தொட்டதே இல்லை. அங்கே தெருமுனைக்கு நடந்தால் பிரியாணி மணக்கும். அதற்கு எதற்குப் போன் என்பது என் கட்சி. இங்கே கடைப் பெயர்கள் எல்லாம் சீன எழுத்தில் இருந்தன. தமிழுக்கு மாற்றும் வசதி இருந்தது. மாற்றினால் 'மகிழ்ச்சியான எலும்பு', 'மூன்று கோப்பைக் கோழி' என்று வந்தது. எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை நம்பினேன். கோழி சூப் மாதிரித் தெரிந்த ஒன்றை அமுக்கினேன். மேப்பில் ஒரு சின்ன ஸ்கூட்டர் பொம்மை ஊர்ந்து ஊர்ந்து வந்தது. பிள்ளையின் நீல வெளிச்சத்தைப் பார்ப்பது, ஸ்கூட்டரைப் பார்ப்பது என்று நான் நடையாய் நடந்தேன்.

வந்ததைத் திறந்ததும் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏக்கா, என்னக்கா இது, தோலு, கறி, எலும்பு எல்லாம் கருகருன்னு இருக்கு? கருகிப்போச்சா?"

"கருங்கோழிடி. நம்மூர்ல இதத் தேடி அலைஞ்சு வாங்குவாக. இங்க கையில போனு இருந்தாப் போதும்னு ஆயிருச்சு பாரு. குடி."

குடித்தாள். பாதியில் நிறுத்தினாள். அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

மறுநாள் அவளுக்கு வேறு ஆசை வந்தது. ஜவ்வரிசி போலக் கறுப்பு உருண்டைகள் போட்ட பால் டீ, ஐஸ் மிதக்க வேண்டும். கர்ப்பமாக இருந்தபோது மருத்துவர் வேண்டாம் என்றதாம். இப்போது குடித்தே தீர வேண்டும். "பச்ச உடம்புக்காரி ஐஸ் குடிப்பியா?" என்று கேட்டுப் பார்த்தேன். "நீ இன்னும் திண்டுக்கல்லயே இருக்கக்கா" என்றாள். வலியில் கிடக்கிறவளோடு எவ்வளவு மல்லுக்கு நிற்பது? அமுக்கினேன்.

கொண்டுவந்தது ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். தலைக்கவசத்தைக் கழற்றாமலே கோப்பையை நீட்டியவள், எனக்குப் பின்னால் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியின் பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோப்பையைக் காட்டி, தன் வயிற்றைத் தொட்டு, கைகளில் பிள்ளையை ஆட்டுவதுபோல் ஆட்டிக் காட்டினாள். பிள்ளை பெற்றவளுக்கா இது என்று கேட்கிறாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எங்கள் தெருப் பெண்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள். நான் என் நெஞ்சைத் தொட்டு, கையை விரித்து, 'நான் சொன்னேன், அவள் கேட்கவில்லை' என்று ஜாடை காட்டினேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். என் போனை வாங்கி, தேடும் கட்டத்தில் நாலைந்து எழுத்துகளை அடித்துக் கொடுத்துவிட்டு, கையசைத்தபடி வண்டியைத் திருப்பிப் போய்விட்டாள்.

ஐஸ் டீயை அங்கேயே நின்று நானே குடித்துத் தீர்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மேலே வந்து, கொட்டிப்போச்சு என்றேன். தங்கை நம்பவில்லை.

அந்தப் பெண் அடித்துக் கொடுத்த எழுத்துகளைத் தமிழுக்கு மாற்றினேன். 'பிரசவித்த மாத உணவு' என்று வந்தது. கீழே வரிசையாகக் கடைகள். பிள்ளை பெற்றவர்களுக்கு என்றே அந்த ஊரில் ஒரு சமையல் இருக்கிறது. அதை வாசல்வரை கொண்டுவந்து தருகிறார்கள். வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கடையில் 'எள் எண்ணெய்க் கோழி' என்று இருந்தது. சேர்மானத்தைப் படித்தேன். கோழி, எள் எண்ணெய், நிறைய இஞ்சி.

மூடியைத் திறந்ததும் அறை முழுக்க நல்லெண்ணெய் மணந்தது. அவர்கள் கறுப்பு எள்ளை வறுத்து ஆட்டுகிறார்கள். நிறமும் மணமும் நம்முடையதைவிட ஒரு படி தூக்கல். இஞ்சி ஓரம் சுருங்கும்வரை வதங்கியிருந்தது. தங்கை மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, இது நம்ம வீட்டுக் கோழியால்லக்கா இருக்கு?" என்று ஒரு வாய் வைத்தவள் நிமிர்ந்தாள். "சாராயம் ஊத்திருக்காக!"

ஊற்றித்தான் இருந்தார்கள். அரிசியில் வடித்த மது; அங்கே அதுதான் முறை. ஒரு வாய்க்கு மேல் சாற்றைக் குடிக்க நான் விடவில்லை, கறியை மட்டும் சாப்பிட்டாள். அடுத்த முறை வரவழைத்தபோது குறிப்புப் பெட்டியில் 'மது வேண்டாம், இஞ்சி அதிகம்' என்று தமிழில் எழுதி மாற்றி அனுப்பினேன். உடனே கடையிலிருந்து கேள்வி வந்தது. மது ஏன் வேண்டாம்? பால் கொடுக்கிறாள், எங்கள் ஊரில் வழக்கமில்லை என்றேன். 'புரிந்தது. தண்ணீரில் செய்கிறேன். சகோதரிக்குப் பால் நன்றாக வருகிறதா?' என்று பதில். வருகிறது என்றேன். அதற்கு ஒரு கோழிக்குஞ்சு படம் வந்தது.

அதற்குப் பிறகு வேளாவேளைக்கு அந்தக் கடைதான். ஒருநாள் ஈரல், ஒருநாள் பப்பாளிக்காய் போட்ட மீன் சூப். பால் ஊற நம் ஊரிலும் மீன் கொடுப்பதுண்டு என்று எழுதினேன். அப்படியா, எந்த மீன் என்று கேட்டார்கள். முகம் தெரியாது, பெயர் தெரியாது. தங்கை கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது, அந்தப் பக்கம் அடுப்படியில் நிற்கிறவரை மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

திண்டுக்கல்லிலிருந்து என் வீட்டுக்காரர் தினமும் கூப்பிடுவார்.

"அங்கிட்டு சாப்பாட்டுக்கு என்ன செய்றீக?"

"கோழிய நல்லெண்ணெயில வதக்கி, இஞ்சி போட்டுக் குடுக்குறாக."

"அது நம்மூரு பக்குவம்ல?"

"அதத்தேன் நானும் சொல்றேன்."

பிறகு ஒருநாள் காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர்ப் பக்கத்து வறண்ட குஜிலியம்பாறையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதை ஒரே மூச்சில் கொட்டுவதுபோல் இருந்தது. செயலியைத் திறந்தால், வண்டி ஓட்ட ஆள் இல்லை என்று அறிவிப்பு. எந்தக் கடையை அமுக்கினாலும் அதே பதில். அந்த மழையில் யாரை வண்டி ஓட்டச் சொல்வது? எனக்கு அதில் குறையில்லை. ஆனால் தங்கைக்குப் பசி.

மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கடை ஆஸ்பத்திரிக்குப் பின்னால், அடுத்த தெருவில் இருந்தது. ஒருவழிப் பாதைகள் என்பதால் ஸ்கூட்டர் பொம்மை ஊரைச் சுற்றி வந்திருக்கிறது. நான் ஏதோ தூரத்துக் கடை என்று நினைத்திருக்கிறேன். பூகோள ஆசிரியை! மழை செத்த நேரம் ஓய்ந்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

படத்தில் கண்ட பளிங்குக் கிண்ணத்துக்கும் கடைக்கும் சம்பந்தமில்லை. சின்னக் கடை, பாதி இறக்கிய ஷட்டர். உள்ளே புகுந்த தண்ணீரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் துடைப்பத்தால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கடை இல்லை என்று கையை ஆட்டினாள். நான் போனில் என் பழைய ஆர்டர்களைத் திறந்து நீட்டினேன். படித்தவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். உள்ளே பார்த்து யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். அவள் கணவர் எட்டிப் பார்த்தார். தன் போனை எடுத்து அவள் படபடவென்று பேச, அது தமிழில் சொன்னது:

"இஞ்சி அதிகம் கேட்கும் மூத்த சகோதரி தாங்கள்தானா?"

அந்தச் செந்தமிழில் நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

அணைத்திருந்த அடுப்பை எனக்காகப் பற்றவைத்தாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். எண்ணெய் காய்ந்து புகைவதற்கு முன்னால், இளஞ்சூட்டிலேயே இஞ்சியைப் போட்டாள். அவசரப்படவே இல்லை. தரையில் தண்ணீர் நிற்கிறது, வெளியே மழை மறுபடி பிடிக்கிறது, அவள் இஞ்சி சுருளும்வரை காத்திருந்தாள். முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக இத்தனை நாளும் இவள் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று தோன்றியது.

பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்தால் குடை பிடிக்கக் கை இல்லை. அவள் யோசிக்கவே இல்லை. தன் குடையை விரித்து, என் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்து வந்தாள். நான் போன் செய்ய, தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக லிஃப்டில் இறங்கி வந்தாள். அந்தப் பெண் தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தாள், சில்லிட்டிருக்கிறதா என்று. சூடாகத்தான் இருந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மழைக்குள் போனாள்.

"யாருக்கா அது?"

"இம்புட்டு நாளா ஒனக்குச் சமைச்சுப் போட்டவுக."

தங்கை கண்ணாடிக் கதவு வழியாக அந்தக் குடை தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிள்ளைக்கு மஞ்சள் இறங்கி, நாங்கள் வீட்டுக்குப் போனோம். அந்தக் கடை எட்டாத தூரம் என்று செயலி சொல்லிவிட்டது. நானே சமைத்தேன். பார்த்த மாதிரியே இளஞ்சூட்டில் இஞ்சியை வதக்கினேன்.

நான் ஊர் திரும்புவதற்கு முன்னால் ஒருநாள் பிள்ளைக்கு ஊசி போட அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். முடித்துவிட்டுப் பின்தெருவுக்கு நடந்தோம். வெயில் நன்றாக அடித்தது, கடையில் கூட்டம். எங்களைக் கண்டதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பிள்ளையைக் கேட்காமலே வாங்கிக்கொண்டாள். ஒரு கையில் பிள்ளை, மறுகையால் மேசையைத் தட்டித் தங்கையை உட்காரச் சொன்னாள். கணவர் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை அவள் தோளில் அசையாமல் தூங்கியது. பிரசவத்துக்குப் பிறகு தங்கை அன்றுதான் இடையில் எழுந்திருக்காமல், பிள்ளையைத் தட்டிக்கொடுக்காமல், ஒரு கிண்ணத்தைச் சூடு ஆறும் முன்னே சாப்பிட்டு முடித்தாள்.