தவமணி தரையில் இறக்கிய சிறுவன்

கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து தவமணியின் தம்பி போன் எடுத்து, "அக்கா காலையில போயிட்டாங்க அண்ணே" என்றார். கையிலிருந்த தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டேன். மாத்தளையில் அந்த ஒடுங்கிய மாடியறையில் எங்களோடு கணினியில் படம் செய்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இங்கே சொல்லப்போகும் சம்பவம் முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பிழை என்னுடையது என்பதால் இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். கண்ணிவெடி பற்றி வடக்குப் பிள்ளைகளுக்குக் காட்ட மூன்று நிமிட அசைபடம் ஒன்று தொண்டு நிறுவனத்தார் கேட்டிருந்தார்கள். பந்தைத் துரத்தும் சிறுவன், வெடி உள்ள இடத்தைக் காட்டச் சிவப்புப் பூசிய கற்களுக்கு அப்பால் கால் வைக்கப் போய், கடைசி நொடியில் பின்வாங்குவான். அவ்வளவுதான் கதை.

நிழலுக்கென்று கணினியில் ஓர் எண் உண்டு. அதைக் குறைத்தால் தரையெங்கும் கறுப்புக் கோடுகள் விழும்; கூட்டினால் கோடுகள் மறையும், ஆனால் நிழல் காலை விட்டுச் சற்று விலகிவிடும். படம் சுத்தமாக இருக்கட்டும் என்று நான் கூட்டிவைத்தேன். எனக்கு அது அழகாகவே தெரிந்தது.

வன்னியிலிருந்து வந்து பக்கத்து ஊரான உக்குவளையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த நான்கு பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று சிரித்தது. "கால் நிலத்தில முட்டேல்ல, அவன் பறக்கிறான். அவனுக்கு ஒண்டும் நடக்காது."

முதலாளி நாளைக்கே படத்தைக் கொடுக்க வேண்டும் என்று நின்றார். தவமணி படம் இருந்த இறுவட்டைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "அந்தப் புள்ள சொன்னது கேட்டுச்சுங்களா? இத நான் குடுக்க மாட்டேங்க." எப்போதும் அதிர்ந்து பேசாத பெண் சொன்னதால், முதலாளியும் தவணை கேட்கச் சம்மதித்தார்.

மறுநாள், வன்னியைப் போல வெயில் காயும் தம்புள்ளைக்கு பஸ் ஏறிவிட்டார். "நம்ம மாத்தளை மேகத்துக்குள்ள ஒக்காந்து நிழல் போட்டுட்டோம் அண்ணே. அவங்க ஊரு வெயில் வேற" என்றார். சந்தைப் பக்கம் வெட்டவெளியில் செருப்பைக் கழற்றி, ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து, நிழலை நாடாவால் அளந்திருக்கிறார். சும்மா விடுவார்களா? இராணுவத்தான் ஒருவன் வந்து விசாரித்திருக்கிறான். "என் நிழலைப் பார்க்கிறேன்" என்று சிங்களத்தில் சொன்னாராம். அவன் அடையாள அட்டையை இரண்டு தரம் புரட்டிவிட்டு, "வெயிலில் நிற்காதே தங்கச்சி" என்று அனுப்பிவிட்டான்.

திரும்பி வந்ததும் நான் கூட்டிவைத்த அந்த நிழல் எண்ணைக் குறைத்தார். மீண்டும் முளைத்த கறுப்புக் கோடுகளைப் படம் படமாகத் தன் கையாலேயே அழித்தார். மூன்று வாரம் அதே வேலை. எனக்கு அந்தப் பொறுமை ஏழு பிறப்புக்கும் வராது.

மறுபடியும் அதே நான்கு பிள்ளைகள், அதே வாங்கில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சிறுவனின் கால் கல்லைத் தாண்டி இறங்க, கீழிருந்து நிழல் அதை நோக்கி வந்தது. நான்கு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தங்கள் கால்களை வாங்கின் மேல் இழுத்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. தவமணி திரையைப் பார்க்கவேயில்லை, அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பயம். எந்தக் காட்சியை முடித்தாலும், இதை நம்பி எந்தப் பிள்ளை கால் வைக்கப் போகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.